சுவரில்லாமல் பிள்ளை பெற்ற சவ்வாயி

கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பனங்காட்டு ஓரத்துக் குட்டையில் பாக்டீரியாக்கள் ஊராகக் கூடி வாழ்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர். சுவருக்குள் மெல்லிய சவ்வு, சவ்வுக்குள் ஒரே கூழ். கூழின் நடுவே, பிறக்கும் பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நீள நூல் சிக்குப் பிடித்துக் கிடக்கும். அதைச் சுற்றிப் பொடிப்பொடி மணிகள் புரதம் சமைத்துக்கொண்டே இருக்கும். வேறு அறை கிடையாது, பரண் கிடையாது. இந்தச் சொத்துக்குத்தான் அத்தனை பெரிய சுவர்!

வளர வேண்டுமானால் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கற்களை வைத்துப் பூச வேண்டும். பிள்ளை பெறுவதென்றால் வயிற்றின் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிய வேண்டும். அதுதான் ஊர் வழக்கம்.

அந்த ஊரில் சவ்வாயி என்று ஒருத்தி. அவளுக்கு அப்போது நிறைமாதம். தனக்கொன்று, பிள்ளைக்கொன்று என்று அவள் நூல் ஏற்கெனவே இரண்டாகிவிட்டது. அக்கா உருண்டையம்மாள் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, கரையில் அழுகிக் கிடந்த பனம்பழத்தில் ஒரு பச்சைப் பூஞ்சை குடியேறியது. தின்பதெல்லாம் தனக்கே வேண்டும் என்ற பேராசை அதற்கு. தன் சாற்றைக் குட்டையில் சொட்டவிட்டது. சாறு பட்டதும் புதுக்கல் ஒட்டவில்லை. பெயர்த்த இடம் பொத்தலாகவே நின்றது. பொத்தலில் சவ்வு பிதுங்க, தண்ணீர் உள்ளே புகுந்து, அக்கம்பக்கத்தார் டப் டப்பென்று வெடித்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் பயந்துபோய், சுவரைப் பலப்படுத்துவதாக நினைத்து இன்னும் வேகமாகக் கல்லைப் பெயர்த்தார்கள். என்ன புத்தியோ!

“ஏளா, நீயும் சீக்கிரம் கட்டு! பிள்ளைய வயித்துல வச்சிக்கிட்டு சும்மா இருக்கியே!” என்று கத்தினாள் உருண்டையம்மாள்.

“கட்டுனாத்தானக்கா சாவு வருது. நான் கட்டல. சுவர விட்டுட்டு வெளிய போறேன்.”

“அய்யய்யே! சுவரு இல்லாம நாலு பேரு முன்னால எப்படிளா நிப்ப?”

“அதப் பாத்தா என் பிள்ள செத்துருமேக்கா!”

சொல்லிக்கொண்டே, தன் சுவரில் முன்பே கல் பெயர்த்திருந்த பொத்தல் வழியாக நழுவி வெளியே வந்துவிட்டாள். கரையோரம், பதநீர் காய்ச்சியவர்கள் சிந்திய பாகு தேங்கிக் கிடந்தது. அதற்குள் போய் விழுந்தாள். பாகு அவள் கூழைப் போலவே கெட்டியாக இருந்ததால் தண்ணீர் உள்ளே பாயவில்லை. அப்பாடா என்றிருந்தது.

தங்கை சொன்னது உறைத்து, கல்லைத் தொடாமல், வளராமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த உருண்டையம்மாளும் தப்பித்தாள். சாறு அடங்கியதும் தங்கையைத் தேடி வந்தாள்.

சவ்வாயி பாகைக் குடித்துக் குடித்துப் பெருத்திருந்தாள். தடுக்கச் சுவர் இல்லாததால் சவ்வு இஷ்டத்துக்கு அகலமாகி, ஒரு பக்கம் கொழுக்கட்டையாகவும் ஒரு பக்கம் வாலாகவும் தொங்கியது. ஆனால் பிள்ளை பிறக்கவில்லை. குறுக்குச் சுவர் இல்லாமல் எப்படிப் பிரிவது என்று அழுதுகொண்டிருந்தாள்.

“இது என்னளா கோலம்? எது தலை, எது காலு?” என்று கேட்டாள் உருண்டையம்மாள்.

சவ்வாயி தன்னையே ஒருமுறை பார்த்தாள். அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள். உடம்பு குலுங்கியதில் தொங்கிக்கொண்டிருந்த கொழுக்கட்டை ஒரு நூலையும் வாரிக்கொண்டு பொத்தென்று பிரிந்து விழுந்தது. பிள்ளை!

“அக்கா, பொறந்துட்டு! சுவரே இல்லாம பொறந்துட்டு!”

மகிழ்ச்சி தாங்காமல் அவள் மேலும் சிரிக்க, பிறகு நூல் இரட்டிக்க இரட்டிக்க, பெரியதும் பொடியதுமாகப் பிள்ளைகள் உதிர்ந்தன. ஒன்றைப் போல ஒன்று இல்லை. உருண்டையம்மாள் எல்லாவற்றையும் கொஞ்சினாள்.

அப்போது தொடங்கியதுதான் இது: சவ்வாயியின் வம்சத்துக்கு நிலையான உருவம் கிடையாது, பிதுங்கிப் பிதுங்கி வளர்ந்து, உதிர்ந்து பெருகுகிறது. வெறும் தண்ணீர் என்றால் இன்றும் அதற்குக் குலை நடுங்கும். பூஞ்சையின் சாறோ, அதன் முன்னால் வந்து, கெடுக்க ஒரு சுவர்கூட இல்லையே என்று திருதிருவென விழித்துக்கொண்டு நிற்கிறது.