கடைசியாக வருகிற பெரிய மனுஷர்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு புது மண்டபத் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் இரண்டு பேர், மில்காரர் ரெங்கராஜும் பஸ் முதலாளி மாசிலாமணியும். கடைசியாக வருகிறவன்தானே பெரிய மனுஷன்? தெருவுக்கு அந்தக் கோடியில் ஒரு கார், இந்தக் கோடியில் ஒரு கார். "அவன் முதல்ல உள்ளே போகட்டும்" என்று இருவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். ராகுகாலம் வருவதற்குள் விளக்கேற்றியாக வேண்டும்.

விழாவை எடுத்து நடத்துகிற லூர்து, ஈவென்ட் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த செவ்வந்தியிடம் பாய்ந்தார். "விழா நடத்தவே படிச்சவளாச்சே! ரெண்டு பேரையும் உள்ளே கொண்டா. முடியலேன்னா இன்னியோட உனக்கு வேலை இல்லை!"

செவ்வந்தி மைக்கைப் பிடித்தாள். தெருமுழுக்க ஸ்பீக்கர் அலறியது. "முதலில் வருகிற விருந்தினர்தான் குத்துவிளக்கு ஏற்றுவார். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வாசலுக்கு வரவும்!"

அவ்வளவுதான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடிவந்தார்கள். வாசலில் தொப்பையும் தொப்பையும் மோதிச் சிக்கிக்கொண்டன. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நான்தான் முதல்ல!" என்றார் மில்காரர்.

"போய்யா, என் கால்தான் முதல்ல பட்டுது!" என்றார் பஸ் முதலாளி.

"அடிச்சுக்காதீங்கய்யா" என்றாள் செவ்வந்தி. "விளக்குல அஞ்சு திரி இருக்கு. ஆளுக்கொண்ணு ஏத்துங்க. மிச்சத்தை, உங்களுக்காகக் காத்துக்கிடந்த சனங்க ஏத்தட்டும்."

அன்றிலிருந்து லூர்து எடுக்கிற விழாவிலெல்லாம் மைக் செவ்வந்தி கையில்தான்.