குதிரை மார்க் வண்டியும் புனலூர்ப் பந்தியும்

ஆவுடையப்பன் அண்ணாச்சி பொய் சொல்லமாட்டார். இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்குப் பஞ்சர் கடை. பிக்கப் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் இங்கேதான் ஜாகை. நான் டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். டியூப்பில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபம். அண்ணாச்சி பேச்சில் ஓட்டை தேட ஆரம்பித்தால் கடையை மூடவேண்டியதுதான்.

அன்றைக்கு அவர் தன்னுடைய குதிரை மார்க் பிக்கப்பை என் கடைக்குக் கொண்டுவந்தார். பின் சக்கரம் ஒன்றில் காற்று இல்லை. அதை ஒட்டிய கையோடு வண்டியை விற்றுவிடுவது என்ற முடிவில் வந்திருந்தார். வாங்குகிற ஆளும் வந்தாயிற்று. முப்பிடாதி. கூடவே வண்டியைச் சோதித்துப் பார்க்க மெக்கானிக் மசூதையும் கூட்டிவந்திருந்தாள். மசூது வந்ததும் வராததுமாக பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

முப்பிடாதிக்கு வாழை இலை வியாபாரம். இங்கே தோட்டங்களில் அறுக்கிற இலையைக் கட்டுக் கட்டாக மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்புகிறாள். போன தை மாதம் அவள் வாடகைக்குப் பிடித்த வண்டி புளியரைக்கு மேலே எஸ் வளைவில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. இலை போய்ச் சேரும்போது அங்கே காகித இலையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம். இன்னொரு தரம் பந்திக்கு இலை பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். வரப்போவது ஆவணி, முகூர்த்த மாதம். அவளுக்கு இருப்பதே அந்த ஒரு மண்டபம்தான். அதனால்தான் சொந்தமாக ஒரு வண்டி.

"அண்ணாச்சி, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றாள் முப்பிடாதி. "யானை மார்க்கு, குதிரை மார்க்கு, கொக்கு மார்க்கு, இந்த மூணுந்தான் நம்ம பாரத்துக்குத் தோதான வண்டின்னு எல்லாரும் சொல்லுதாவ. மூணுல எது வழியில நிக்காது? அத மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சி ஒரு பழைய டயர் மேல் வசதியாக உட்கார்ந்தார்.

"சொல்லுதேன் தாயி. இந்தத் தென்காசி ஜில்லாவுல மூணையும் ஓட்டுன மனுசன் நான் ஒருத்தன்தான். மத்தவன்லாம் ஒண்ண ஓட்டிட்டு ஒம்பதுக்கு ஞாயம் பேசுவான். யானை மார்க்க எடுத்துக்கோ. வலு உண்டு, குத்தம் சொல்லக்கூடாது. ஆனா டீசல் பங்க்கத் தாண்டிப் போவாது. கண்ணுல பட்டா தானா உள்ள திரும்பிரும். ஒரு நாளு நம்ம பங்க்குக்காரப் பையன் லீவு போட்டுட்டு சுரண்டைக்குப் பொண்ணு பாக்கப் போயிருக்கான். நான் வண்டிய சங்கரன்கோயிலுக்கு விடுதேன், அது சுரண்டைக்குப் போவுது. நேரா அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போயி நின்னுட்டு."

பானெட்டுக்குள்ளிருந்து மசூதின் குரல் வந்தது. "வண்டிக்கு அந்த வீடு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி?"

"வாசன வே. அந்தப் பய என்ன சந்தனமா பூசிட்டுப் போனான்? பத்து வருசமா டீசல்ல கெடந்த உடம்பு. அந்தச் சம்பந்தமே தட்டிப்போச்சு. அதோட நான் யானை மார்க்க விட்டுட்டேன்."

"கொக்கு மார்க்கு?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"அது சப்புன்னு இருக்கும் தாயி. உப்பில்லாத கஞ்சி. ஏறி உக்காந்தா போவும், இறங்குனா நிக்கும். அதுல என்ன இருக்கு?" அண்ணாச்சி கொக்கு மார்க்கை அத்தோடு முடித்துவிட்டு எழுந்து, தன் வண்டியின் கதவைத் தட்டிக்கொடுத்தார். "இதப் பாரு. தை மாசம் டேங்க நிரப்புனேன். பங்குனி உத்திரத்துக்குத்தான் மறுபடி மூடியத் தெறந்தேன். மலையில இறங்கும்போது டீசல் முள்ளு மேல ஏறும்லா."

"டீசல் எப்பிடி ஏறும்?" என்றார் மசூது.

"இறக்கத்துல இஞ்சினுக்கு என்ன சோலி? சும்மாதானே சுத்துது. மானமுள்ள வண்டி, சும்மா இருக்க நேரத்துக்குக் குடிச்சதத் திருப்பிக் குடுத்துரும்."

மசூது டீசல் முள்ளை எட்டிப் பார்த்தார். அது கீழேதான் கிடந்தது. பாவூர்சத்திரம் சமதரை என்றார் அண்ணாச்சி.

"டயரு கூட வேற வண்டிக்கு இப்பிடி அமையாது. குத்தாலச் சீசன்ல, அருவிக்கு எதுக்கால நிறுத்தி, சாரக் காத்த அடச்சு வச்சிருக்கேன். சித்திர வெயில்ல ரோடு உருகும், என் டயரு சில்லுன்னு இருக்கும். சந்தையில வெண்டைக்கா வாடுனா என் சக்கரத்துக்குப் பக்கத்துலதான் கொண்டுவந்து வைப்பாவ."

அந்த டயரைத்தான் நான் அப்போது கழற்றி வைத்திருந்தேன். அதிலிருந்து ரப்பர் நாற்றம்தான் வந்தது. தொழிலில் நேர்மை வேண்டும் என்பதால் அதைச் சொன்னேன்.

"போன வாரம் நீ அடிச்ச கம்ப்ரசர் காத்து கலந்துட்டு தம்பி," என்றார் அண்ணாச்சி, வருத்தத்தோடு. "நல்ல காத்தக் கெடுத்துட்ட. நான் உன்ட்ட கேக்கணும்னு இருந்தேன், பெரிய மனுசத்தனமா விட்டுட்டேன்."

நான் டியூப்பைத் தொட்டியில் அமுக்கினேன்.

"இவ்வளவு நல்ல வண்டிய எதுக்கு விக்கீங்க?" என்று கேட்டார் மசூது.

"வண்டிக்கு நான் சரிப்பட்டு வரல. அதோட சுறுசுறுப்புக்கு என் வயசு ஈடு குடுக்கல. உண்மையச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்?"

முப்பிடாதி இதிலெல்லாம் மனதைச் செலுத்தவில்லை. "வழியில நிக்குமா அண்ணாச்சி?" என்று மறுபடியும் அதையே கேட்டாள்.

"நிக்கிறதா? ஒரே ஒரு தடவ. அதையும் மறைக்காமச் சொல்லிருதேன். எஸ் வளைவுல ஏறிக்கிட்டிருக்கேன், கிளட்ச் பிளேட்டு கருகி உதிந்துட்டு. யானை மார்க்குன்னா கயிறு கட்டித்தான் இழுக்கணும். குதிரை மார்க்கு அப்பிடியில்ல, நாம எதக் குடுத்தாலும் முகம் சுளிக்காம ஏத்துக்கிடும். பக்கத்துல ஒரு தேங்கா லாரி நின்னுது. ஒரு சிரட்டைய வாங்கி, ஓரத்தக் கல்லுல தேச்சு, பிளேட்டு இருந்த எடத்துல மாட்டுனேன். ஆறு மாசம் ஓடுச்சு."

மசூது தலையை வெளியே எடுத்தார். "சிரட்டையா?"

"முத்துன சிரட்டை. எளசு ஆவாது."

"பிளேட்டு தட்டையால்லா இருக்கும் அண்ணாச்சி. சிரட்டை குழிவா இருக்குமே."

"அதனாலதான் கியரு தொட்டில்ல விழுந்த மாதிரி விழுந்துச்சு. ஒரே ஒரு சங்கடம், கிளட்ச மிதிச்சா தேங்கா எண்ணெ வாசன வரும். பின்னால வந்த கேரளா பஸ்ஸுல, இந்த வண்டிய முந்தக்கூடாதுன்னு டிரைவர்ட்ட சண்ட புடிச்சாவ. ஒரு அம்மா பாத்திரத்துல சோத்தப் போட்டு மடியில வச்சிக்கிட்டே வந்தா."

"அன்னைக்கு இலை பந்திக்குப் போயிட்டா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கு ஏத்துனது இலையா பூசணிக்காயான்னே ஞாபகம் இல்ல தாயி. மனசுல சிரட்டைதான் நிக்கி."

"சரி," என்றாள் அவள்.

அந்தச் சரியில் வியாபாரம் கைநழுவுகிற வாடை அடித்திருக்கவேண்டும். அண்ணாச்சி குரலைச் சற்று உயர்த்தினார். "அது போவட்டும், ரேடியேட்டர் கதையக் கேளு."

"ஒரே ஒரு தடவன்னு சொன்னீங்க," என்றார் மசூது.

"கிளட்சுக்கு ஒரு தடவ. இது ரேடியேட்டரு. ஊடால பேசாதயும் வே. புனலூர்ல கல்யாணம் முடிஞ்சு திரும்பி வாரேன். ஆரியங்காவுகிட்ட ரேடியேட்டர் கொதிச்சு, தண்ணி பூராம் ஆவியாப் போயிட்டு. ஓடையில பொட்டுத் தண்ணி கெடையாது. வண்டியில ஒரு அண்டா ரசம் கெடந்துச்சு, கல்யாண வீட்டுல மிஞ்சுனது, ஆக்குப்பெரையில குடுத்துவிட்டாவ. தூக்கி ஊத்துனேன். ஒரு ஏப்பம் விட்டுச்சு பாத்துக்கிடும், மலையே திரும்பிப் பாத்துச்சு. பொறவு அந்த ஏத்தத்த நாலாவது கியர்ல ஏறுச்சு. அன்னையில இருந்து பச்சத் தண்ணி ஊத்துனா குடிக்காது, மூடியத் தள்ளி வெளிய துப்பிரும். எங்க வீட்டுல ரசம் வச்சா மொத கரண்டி வண்டிக்குத்தான். இதனாலயே எங்க வீட்டுக்காரி என்ட்ட மொகம் குடுத்துப் பேசி ரொம்ப நாளாச்சு."

மசூது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு, மூக்கருகே கொண்டுபோனார். "தண்ணியால்லா இருக்கு."

"இன்னைக்கு அமாவாச," என்றார் அண்ணாச்சி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "எங்க வீட்டுல அமாவாசைக்குப் பூண்டு சேக்க மாட்டோம். பூண்டு போடாத ரசத்த அது தொடாது. விரதம் மாதிரி இன்னைக்கு ஒரு நாளு தண்ணி."

எனக்கே ஒரு நிமிஷம் சரியாகத்தான் பட்டது. அமாவாசை என்பது உண்மை.

"திரும்பி வரும்போது சரி அண்ணாச்சி," என்றாள் முப்பிடாதி. "அன்னைக்குக் காலையில போவும்போது, இலை பந்திக்கு முன்ன போயிட்டா?"

"போவாம? ரெண்டாவது பந்தியில கொண்டு குடுத்துட்டோம்லா."

முப்பிடாதி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டாவது பந்தியா," என்றாள். "தை மாசம் நான் பஸ் புடிச்சு முன்னாலயே போயிட்டேன் அண்ணாச்சி. மொதப் பந்திக்கு ஆளுங்க உக்காந்தாச்சு. வெறும் மேசை. கைய மடியில வச்சிக்கிட்டு அத்தன பேரும் என்னையப் பாக்காவ. பொண்ணுக்கு அப்பா எங்கிட்ட கோவப்படக்கூட இல்ல, இன்னும் எவ்வளவு நேரம்மான்னு தணிஞ்சுதான் கேட்டாரு. அத நெனச்சா இப்பவும் எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

மசூது கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சிக்கும் அது உறைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தது ஒரே வழியில்தான்.

"தாயி, நீ பயப்படவே வேண்டாம். இந்த வண்டிக்கு இஞ்சினே தேவையில்ல," என்றார்.

மசூது அங்கே கிடந்த பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐப்பசி மழை. புளியரை தாண்டி ஏறிக்கிட்டிருக்கேன். ஒரு பள்ளத்துல டொம்முனு சத்தம். முன்ன போன லாரியில இருந்து மூட்ட விழுந்திருக்கும்னு நெனச்சு நான் பாட்டுக்குப் போறேன். வண்டி வழக்கத்துக்கு லேசாப் போவுது, சத்தமே இல்ல. சாரலுக்கு இஞ்சினும் குளுந்துட்டுபோலன்னு நெனச்சேன். மேல கோட்டவாசல் செக்போஸ்ட்டுல போலீஸ்காரரு பானெட்டத் தெறக்கச் சொன்னாரு. தெறந்தா இஞ்சின் இல்ல."

"நீங்க வந்தது இறக்கமா?" என்று கேட்டார் மசூது. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏத்தம் வே. இறக்கத்துல எந்த ஓட்ட வண்டியும் போவும். இஞ்சின் இல்லாம ஏத்தத்துல ஏறணும்னாத்தான் குதிரை மார்க்கு வேணும்."

"எப்பிடி ஏறுச்சு?"

"பழக்கந்தான். தெனமும் போற ரோடு. நீரு உம்ம வீட்டுக்கு யோசிச்சா போறீரு?"

"போலீஸ்காரர் என்ன சொன்னாரு?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"இஞ்சின் இல்லாத வண்டிக்குப் புகை சர்ட்டிபிகேட் கேக்கலாமா கூடாதான்னு யோசிச்சுக்கிட்டே நின்னாரு பாவம். அவரு ஒரு முடிவுக்கு வரதுக்குள்ள இஞ்சின் வந்துட்டு."

"எங்கேருந்து?"

"பின்னாலயே. நாம விட்டுட்டு வந்துட்டோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. வளைவுல திரும்பி, ஓரமா, மழையில நனஞ்சுக்கிட்டு வந்துச்சு. மூச்சு வாங்குச்சு. செத்த நேரம் உக்கார வச்சு, ஒரு வாய் ரசம் குடுத்துத்தான் மாட்டுனேன்."

மசூது எழுந்தார். உள்ளே இஞ்சின் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு பானெட்டை மூடினார். நானும் டயரை மாட்டி முடித்திருந்தேன்.

முப்பிடாதி சேலையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க சொன்னது எல்லாத்தையும் நான் நம்பிட்டேன்னே வச்சுக்கிடுங்க," என்றாள். "ஒவ்வொரு கதையிலயும் உங்க வண்டி மலையில போயி நிக்கி."

"நின்னாலும் பொறவு போயிருதுல்லா."

"எங்க பெரியம்மா மவன் தங்கப்பழம் கொக்கு மார்க்க வச்சுப் புனலூருக்குப் பால் கொண்டு போறான். நேத்து அவன்ட்டயும் போயிக் கேட்டேன், உன் வண்டி எப்பிடிடான்னு. ரொம்ப நேரம் மோட்டுவளையப் பாத்து யோசிச்சான். சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லியேக்கான்னான். கிளட்சு, ரேடியேட்டரு, ஒண்ணப் பத்தியும் அவனுக்கு ஒரு கத கெடையாது. அந்த மார்க்கே வாங்கிருதேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி அவளை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். பேரம் போய்விட்டது என்பதைவிட, ஒரு ஆள் இப்படி ஏமாறப் போகிறாளே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏன் தாயி, சொல்லுததுக்கு ஒண்ணுமில்லாத ஒரு வண்டிய வச்சுக்கிட்டு, அந்த மலையில போயி என்னதான் பண்ணுவ?"

"இலை கொண்டு போவேன்," என்றாள் முப்பிடாதி.