மேகத்தில் குற்றம் கண்டவர்

சென்னையில் ஒரு கடல் ஆய்வு மையம். கடல்மேல் தாழ்வாகத் திரளும் மேகங்களைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பது பிரிஸ்காவின் வேலை. ஒப்பந்த ஊழியர்தான், ஆனாலும் அதில் அவளுடைய மூன்று வருட உழைப்பு இருந்தது.

கணினி கணக்கை முடிக்க இன்னும் வாரக்கணக்கில் ஆகும் என்று அவள் சொன்னதும் இயக்குநர் தாண்டவமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டே நாள்ல படம் வரணும். நிஜ மேகமா பொய் மேகமான்னு ஒரே பார்வையில சொல்லிடுவேன். பொய்னா திட்டத்தையே மூடிடுவேன்."

மூன்றாம் நாள், திட்டத்தை மதிப்பிட வந்த குழுவின் முன்னால் பிரிஸ்கா திரையில் ஒரு படத்தைப் போட்டாள்.

"கடல்மேல் மேகம், சார். நிஜமா பொய்யா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

இயக்குநர் எழுந்து திரையருகே போனார். "எந்தக் கடல்ல மேகம் இப்படிப் பூத்தொடுத்த மாதிரி வரிசையா நிக்கும்? சுத்தப் பொய்! உங்க கணினிக்கு மேகம்னா என்னன்னே தெரியல."

"கணினி இன்னும் கணக்கையே முடிக்கல, சார்," என்றாள் பிரிஸ்கா. "இது நேத்துக் காலையில செயற்கைக்கோள் எடுத்த படம்."

யாரும் சிரிக்கவில்லை. குழுத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் வேணும்மா?"

"முப்பத்தெட்டு நாள், சார்."

அவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுவரை இயக்குநர் உட்காரவே இல்லை.