வௌவாலின் நெஞ்சில் காது வைத்த சுண்டெலி

ஒரு காட்டு ஆலமரப் பொந்தில் மினுக்கி என்ற சுண்டெலியும் அதன் கணவன் குண்டனும் குடியிருந்தன. பிறந்து இரண்டு மழைக்காலம்தான் போயிருக்கும், அதற்குள் குண்டனுக்கு மீசை நரைத்துவிட்டது. ஒரு புல்விதையைத் தூக்கவே மூச்சு வாங்கியது. மினுக்கி கவலையோடு அண்ணாந்து பார்த்தது.

அதே பொந்தின் கூரையில் ஒரு வௌவால் தொங்கியது. உருவத்தில் அதுவும் சுண்டெலி அளவுதான்.

"வௌவாலக்கா, உங்களுக்கு என்ன வயது?"

"யார் கண்டது? உன் பாட்டிக்குப் பாட்டி இங்கே குடிவந்தபோதே நான் தொங்கிக்கொண்டிருந்தேன்!"

அடேயப்பா! மினுக்கிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அப்படி என்னதான் செய்கிறீர்கள்?"

"சாப்பிடுகிறேன், தொங்குகிறேன். வேறென்ன?"

"தொங்குவதுதான் ரகசியம்!" என்று துள்ளியது குண்டன்.

அவ்வளவுதான்! மறுநாள் காட்டிலிருந்த எலியெல்லாம் ஆலம்விழுதில் தலைகீழாகத் தொங்கின. மாலைக்குள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. குண்டனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அணில்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

மினுக்கி சிரிக்கவில்லை. பனிக்காலம் வந்தது. வௌவாலிடம் அனுமதி கேட்டு, அது தூங்கும்போது நெஞ்சில் காது வைத்தது. உடம்பு கல்லாகக் குளிர்ந்திருந்தது. நெஞ்சு ஒருமுறை அடித்தது. மினுக்கி காத்திருந்தது, இன்னும் காத்திருந்தது. அப்புறம்தான் மறுபடி அடித்தது.

"அக்கா! உங்கள் நெஞ்சு எவ்வளவு நிதானமாக அடிக்கிறது!"

"அப்படியா? நான் கவனித்ததே இல்லையே!"

மினுக்கி கணவனிடம் ஓடியது. "இதில் ஏதோ இருக்கிறது! ஆனால் முழுசும் கண்டுபிடிக்க நம் ஆயுசு போதாது. உங்களைக் காப்பாற்ற முடியவில்லையே!" என்று அழுதது.

"அட, அழாதே! நம் குட்டிகளைக் கூப்பிடு. அவர்களும் காது வைத்துக் கேட்கட்டும்" என்றது குண்டன்.

அந்தப் பனியிலேயே குண்டன் போய்விட்டது. பிறகு மினுக்கியும் போனது. ஆனால் வௌவாலின் நெஞ்சில் எப்போதும் ஒரு சின்னக் காது இருந்தது. ஒரு குட்டி வௌவாலின் சாப்பாட்டைக் கவனித்தது. அந்தக் குட்டிக்குப் பிறந்த குட்டி வௌவாலின் தூக்கத்தைக் கவனித்தது. தெரிந்ததை எல்லாம் தாங்களும் செய்து பார்த்தன. தப்பாகப் போனது பாதி, தேறியது பாதி.

பல தலைமுறைக்குப் பிறகு ஒரு நாள், நரைத்த மீசையோடு ஒரு சுண்டெலி பொந்து வாசலில் வந்து நின்று, தன் மூன்றாவது மழைக்காலத்தில் நனைந்தது. எந்தச் சுண்டெலியும் காணாத மழை! வௌவால் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அடி மினுக்கி! உன் கேள்விக்கு என்னைவிட ஆயுசு கெட்டி!" என்றது, என்றைக்கோ போய்விட்ட மினுக்கியை நினைத்து.

கண்ணில் பட்டதைக் காப்பியடிப்பவர் கீழே விழுவார்; ஏன் என்று பொறுமையாகக் கேட்டு, அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் போகிறவரே காலத்தை வெல்வார்.