ஆணியில் தொங்கிய கத்தரி

“நீங்க குடுத்த செடி என்னை ஏமாத்திடுச்சும்மா” என்றார் இஸ்ரவேல்.

நாகவேணி வாசல் கதவைத் திறந்தபடி நின்றார். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

கோத்தகிரியில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு நாகவேணியைத் தெரியும். கண்காட்சியில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கியவர். திடீரென்று ஒரு வருஷம் போட்டிச் செடிகளையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு, தரையோடு படரும் சின்ன ரோஜாவை மட்டும் வைத்துக்கொண்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அதன்பிறகுதான் ஆட்கள் அவரிடம் பாடம் கேட்க வரத் தொடங்கினார்கள். வாய் திறக்காதவரிடம்தான் விஷயம் இருக்கும் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. இந்த ஒரு தடவை அது சரியாகத்தான் நினைத்தது.

இஸ்ரவேல் நெடுநாள் இரண்டாம் பரிசுக்காரர். நாகவேணியைவிடப் பத்து வயது மூத்தவர். நாகவேணி விலகிய பிறகு முதல் பரிசு அவருக்கு வந்தது. அப்படி வந்த பரிசு இனிக்குமா? இனிக்கவில்லை. விலகியவரிடமே போய்ச் செடி கேட்டு நிற்பது அதைவிடக் கசந்தது. ஆனாலும் கேட்டார். வீட்டு நிலைமை அப்படி.

அவர் மனைவி சுகிர்தாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடந்தால் கால் தேறும் என்றார் டாக்டர். கம்பை ஊன்றித் தானாகவே நடக்கவேண்டும் என்றும் சொன்னார்.

மலை ஊரில் சமதரைக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவருக்கும் மேட்டுச் சரிவுக்கும் நடுவே ஒரு நீளமான நடைபாதை. அது ஒன்றுதான் சமம். போன ஐப்பசி மழையில் சரிவின் மண் இறங்கி அதையும் மூடிவிட்டது. சுகிர்தா நடக்க இடமில்லாமல் கட்டிலில் கிடந்தார். மண்ணை அள்ளி முடிப்பதற்குள், தேறிக்கொண்டிருந்த கால் மறுபடி மரத்துப்போனது. இன்னொரு மழைக்காலம் அப்படிக் கிடந்தால் அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

சுவர் கட்டலாம் என்றால் பின்பக்கத்துக்குச் சாமான் கொண்டுவரப் பாதையில்லை. மண்ணைப் பிடித்து நிறுத்துகிற செடி வேண்டும். அதுவும் கவனிப்புக் கேட்காத செடி. மனைவியைக் கவனிக்கவே இஸ்ரவேலுக்குப் பொழுது போதவில்லை.

நாகவேணி தரை ரோஜாக் கன்றுகளைக் கொடுத்தார். படர்ந்து, வேர்விட்டு, மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது ஆடி மாதம்.

“கொடி மாதிரி நீளமா ஓடுது. ஆனா மண்ணுல ஒட்டவே மாட்டேங்குது” என்றார் இஸ்ரவேல்.

“என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்யலைன்னு கேளுங்க.”

பெருமையாகவே சொன்னார். வாரம் தவறாமல் ஒவ்வொரு தண்டையும் தூக்கி அடியில் களை எடுத்தார். உதிர்ந்த இலையைப் பெருக்கினார். பூவில் மண் படக்கூடாதென்று குச்சி நட்டுத் தண்டுகளைக் கட்டினார். மருந்து அடித்தார். பக்க மொட்டுகளையெல்லாம் வெட்டிவிட்டு நடு மொட்டை மட்டும் விட்டார். கண்காட்சிக்காரர்கள் செய்கிற வேலை அது. பூ பெரிதாக வர அப்படிச் செய்வார்கள். கொத்துக் கொத்தாகப் பூக்கவென்றே பிறந்த செடியிடமும் மனிதர் அதைச் செய்திருக்கிறார்.

நாகவேணி கையை நீட்டினார்.

“கத்தரி.”

இஸ்ரவேல் ஸ்வெட்டருக்குள்ளிருந்து தோல் உறையோடு செடி வெட்டும் கத்தரியை எடுத்தார். சர்ச்சுக்குப் போகும்போதுகூட அது அவர் கூடவே போகும். நாகவேணி அதை வாங்கி, கதவோரம் இருந்த ஆணியில் மாட்டினார்.

“அது இல்லாம நான் என்ன பண்றது?”

“மழைக்கு அப்புறம் வாங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

மழை வரை யார் காத்திருப்பது? ஆவணியிலேயே வந்துவிட்டார்.

“இன்னும் ஒட்டலைம்மா. மழை வந்துடும். எனக்குப் பயமா இருக்கு.”

நாகவேணி அவருடைய கைகளைப் பார்த்தார். கட்டைவிரல் நகம் பச்சையாக இருந்தது. கத்தரி இல்லையென்றால் மொட்டைக் கிள்ள நகம் இருக்கிறதே. இஸ்ரவேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இந்தத் தடவை நாகவேணி அவரை உள்ளே கூப்பிட்டார். வீட்டைச் சுற்றி நடத்திக்கொண்டுபோய்த் தன் வீட்டுச் சரிவின் முன் நிறுத்தினார். மண்ணே தெரியவில்லை. இலையும் முள்ளும் சின்னச் சின்ன வெள்ளைப் பூவும் மேலிருந்து கீழ்வரை. நடுவே புல்லும் இருந்தது, காய்ந்த சருகும் இருந்தது. இஸ்ரவேலுக்குக் கை துறுதுறுத்தது.

“ஒரு தண்டைத் தூக்குங்க.”

குனிந்து தூக்கினார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். ஏதோ அறுந்தது. கணுவிலிருந்து நரைத்த முடிபோல வேர் நீண்டிருந்தது, அதன் நுனியில் மண் ஒட்டியிருந்தது.

அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

“உங்க வீட்டுல எத்தனை தடவை தூக்கினீங்க?”

இஸ்ரவேல் முழங்காலிட்டு அந்தக் கணுவை மண்ணோடு வைத்து அழுத்தினார். நாகவேணி ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக் கணுவுக்கு மேல் வைத்தார் இஸ்ரவேல்.

“எப்போ பிடிக்கும்?”

“நீங்க பார்க்காதப்போ.”

வீட்டுக்குப் போனதும் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார். தண்டுகளைச் சரிவில் பரப்பிவிட்டு, கணுவுக்கு ஒரு கல்லாக வைத்தார். அதற்குமேல் தொடுவதில்லை என்று மனைவியின் முன்னால் சபதம் செய்தார். சுகிர்தா சிரித்தார்.

நாற்பது வருஷப் பழக்கம் சபதத்தைக் கேட்குமா? காலையில் சரிவுப் பக்கம் போகாமல் இருக்கச் சமையலறையில் காய் நறுக்கினார். கல்லுக்குப் பக்கத்தில் புல் முளைத்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு தண்டில் ஏழெட்டு மொட்டு வந்து நெருக்கியது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

கைக்கு வேறு வேலை இல்லாததால் மனைவியைக் கவனிப்பது கூடியது. முழங்கையைப் பிடித்துத்தான் நடத்துவார். கம்பை அவரே தூக்கிக்கொண்டு கூட நடப்பார். விடுங்கள், நானே நடந்து பார்க்கிறேன் என்பார் சுகிர்தா. தரை ஈரம் காயட்டும் என்பார் இவர். தரை காய்ந்திருந்தால், இன்றைக்குக் குளிர் அதிகம் என்பார்.

ஐப்பசி பிறந்தது. மழை அடித்து ஊற்றியது. ஓடுகளில் விழுந்த சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. இஸ்ரவேல் ஜன்னல் பக்கமே போகவில்லை. மண்வெட்டியை மட்டும் கதவருகே சாத்திவைத்திருந்தார்.

மழை விட்ட காலையில் பின்கதவைத் திறந்தார்.

நடைபாதையில் சருகு கிடந்தது. கொஞ்சம் செந்நீர் தேங்கியிருந்தது. மண் இறங்கவில்லை.

ஒரு தண்டைத் தூக்கிப் பார்க்கக் கை போனது. பாதியில் நிறுத்தி, கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார். அவர் கண் நிறைந்துவிட்டது.

நாகவேணி அன்று தானாகவே வந்தார். கையில் தோல் உறையோடு கத்தரி.

வந்தபோது இஸ்ரவேல் நடைபாதையில் சுகிர்தாவை நடத்திக்கொண்டிருந்தார். வலது கையில் மனைவியின் முழங்கை. இடது கையில் மனைவியின் கம்பு. சுகிர்தாவின் இடது கால், எடுத்து வைக்கும் முன்பே அவர் தூக்கிய தூக்கில் முன்னால் போனது.

“பிடிச்சுக்கிச்சும்மா” என்றார் இஸ்ரவேல். “ஒரு பிடி மண்கூட வரலை. நான் தொடவே இல்லை. இவளைக் கேளுங்க.”

நாகவேணி சரிவைப் பார்க்கவில்லை. சுகிர்தாவின் முழங்கையை இறுகப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார்.

பிறகு கத்தரியை நீட்டினார்.

“அங்கே திட்டுல வைங்கம்மா. கை ஒழியலை.”

நாகவேணி வைக்கவில்லை. நீட்டியபடியே நின்றார்.

“ரெண்டு கையும் வேலையா இருக்கே...”

நீட்டிய கை இறங்கவில்லை.

சுகிர்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்தான் முதலில் புரிந்துகொண்டார். இத்தனை நாள் சொல்லிப் பார்த்தவர் அவர்தானே.

“கம்பைக் குடுங்க” என்றார் கணவரிடம்.

“சுகிர்தா, தரை ஈரமா...”

“குடுங்க.”

கொடுத்தார். சுகிர்தா கம்பை ஊன்றி, பாதத்தைச் சருகின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார்.

“இப்போ விடுங்க.”

இஸ்ரவேலின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவர் நாகவேணியின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தரியை வாங்கிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. ஒரு கால் தரையில் இழுபட்டது. நின்றது. வெகுநேரம் நின்றது. மறுபடி கம்பு ஊன்றியது, இப்போது இன்னும் கொஞ்சம் தள்ளி.

இஸ்ரவேல் கத்தரியை இறுகப் பிடித்துக்கொண்டு, சரிவில் இருந்த ஒரு கல்லையே பார்த்தபடி நின்றார். திரும்பவில்லை.