மயிலைத் திருப்பிப் போட்டவர்

மைனாவதியின் மரப்பட்டறையில் தொழில் கற்க வந்தவர்களில் தலை நரைத்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். குருவுக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம். சீடர் பேரன் எடுத்தவர். அவர் அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள்.

அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மெஷின் மரத்தில் செதுக்கும். சென்னிமலையில் போர்வை நெய்து, மடித்து, மூட்டை கட்டியே காலத்தை ஓட்டிய சென்னியப்பன், தறியை விற்ற பிறகு சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்தார். படம் போடுவது அவருக்கு மளமளவென்று வந்துவிட்டது. பலகையை மெஷினில் ஏற்றுவதும் திருப்பிப் போடுவதும் மட்டும் எப்போதும் மைனாவதியின் வேலை.

அன்றைக்கு மட்டும் எல்லாமே அவர் கையால் ஆக வேண்டியிருந்தது.

போன மழைக்காலத்தில் அவர் மனைவி வள்ளாத்தாளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய அன்று, இவள் எழுந்து நடந்தால் என் கையாலேயே காவடி செய்து பழனிக்குச் சுமந்து வருகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முருகனிடம் சொல்லிவிட்டார். வள்ளாத்தாள் எழுந்து நடந்தாள். இப்போது தைப்பூசம் நெருங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் மறுநாள் நடைப்பயணம் கிளம்புகிறார்கள். காவடியில் நடுவே நிற்க வேண்டிய மயில் மட்டும்தான் பாக்கி.

முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தாலும் பின்னால் வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தாலும் அது மயிலாகத் தெரிய வேண்டும். அதனால் ஒரே பலகையை இரண்டு பக்கமும் செதுக்க வேண்டும். மயிலின் கண் மட்டும் துளை. முன்பக்கத்திலிருந்து பாதி ஆழம், பின்பக்கத்திலிருந்து பாதி ஆழம். இரண்டும் நடுவில் சந்தித்தால் வெளிச்சம் வரும்.

பலகை அவர் தோட்டத்துப் பூவரசு. மரத்தில் பாதி உளுத்துப்போய், தேறியது அது ஒன்றுதான். அது கெட்டால் சாமி வேண்டுதலை ஏற்கவில்லை என்று அர்த்தம். ஏற்காவிட்டால் வள்ளாத்தாளின் நெஞ்சில் மறுபடி நீர் கோக்கும். அவர் மனசு இப்படி முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். திரையில் மயிலைச் சுழற்றிப் பார்த்தார். பலகையைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, ஊடாகப் பார்த்தார். முன்பக்க மூக்குக்கு நேர் பின்னால் பின்பக்க மூக்கு. கண்ணுக்கு நேராகக் கண். ஒரு மயிரிழை பிசகில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"அம்மிணி, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மைனாவதி ஒரு கதவுச் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்கண்ணா தப்பா இருக்குது?"

"ஒண்ணும் தப்பில்லைங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குது."

"அப்புறம் என்னங்க?"

"எத்தனை தடவை பாத்தாலும் சரியா இருக்குதுங்க. அதுதான் பயமா இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த துண்டுப் பலகைகளில் அதே அளவில் இரண்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல கண்ணை மட்டும் போட்டுப் பாருங்க."

சென்னியப்பன் துண்டை மெஷினில் ஏற்றினார். பலகை நகராமலிருக்க நாலு மூலையிலும் மரக்குச்சி நிற்கும், அவற்றுக்கு நடுவில் சரியாக உட்கார வைத்தார். மெஷின் இறங்கி, பாதி ஆழம் குடைந்து எழுந்தது. பலகையைத் திருப்பிப் போட்டார். குச்சிகளில் அது சமர்த்தாக உட்கார்ந்தது. மெஷின் மறுபடி இறங்கி எழுந்தது.

துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இருட்டு. வெளிச்சத்தின் பொட்டுகூட இல்லை. ஒரு குழி இந்த மூலையில் இருந்தது, மற்றது பின்னால் நேர் எதிர் மூலையில்.

அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அங்கே கண்ணுக்கு நேராகக் கண், சாவகாசமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. வள்ளாத்தாள்தான்.

"ஆச்சுங்களா மாமா?"

"ஆயிட்டே இருக்குது."

"பாத்து மெதுவாச் செய்யுங்க" என்று சொல்லி, ஒரு தடவை இருமிவிட்டு வைத்தாள்.

அந்த ஒரு இருமல் போதாதா? சென்னியப்பன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி ஒத்துக்கலைங்க அம்மிணி."

"எதைங்கண்ணா?"

மனசில் போட்டு வைத்திருந்த முடிச்சை அவர் அவிழ்த்துச் சொன்னார். மைனாவதி முழுக்கக் கேட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று அவர் காத்திருந்தார்.

"இன்னொரு துண்டு இருக்குதுங்க. ஏத்துங்க."

"எதுக்குங்க? மறுபடியும் அப்படியேதான் வரும்."

"வரட்டுங்க."

ஏற்றினார். முன்பக்கம் முடிந்தது. குச்சிகளிலிருந்து பலகையை எழுப்பித் திருப்பப் போனார்.

"நில்லுங்கண்ணா. கையை எடுக்காதீங்க."

அவர் அப்படியே நின்றார். பலகை பாதி திரும்பிய நிலையில் செங்குத்தாக நின்றது.

"எந்த ஓரத்தைப் பிடிச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தார். தன் வயிற்றுப் பக்கம் இருந்த ஓரத்தைப் பிடித்து, பலகையை எதிர்ப்பக்கமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நெய்த போர்வையின் அடிப்பக்கத்தில் இழை விட்டிருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் புரட்டுவார்கள். போர்வையை வேறு எப்படிப் புரட்டுவது?

"கம்ப்யூட்டர்ல எப்படித் திருப்பச் சொல்லியிருக்கீங்க?"

அங்கே புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி இடமிருந்து வலமாகத் திருப்பச் சொல்லியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று அவரும் போட்டிருந்தார். மூலைக் குச்சிகளும் துரோகம் செய்துவிட்டன. எப்படித் திருப்பினாலும் பலகை அவற்றில் உட்காரும்.

"இனிமேல் பக்கவாட்டுலயே திருப்பறனுங்க. மறக்க மாட்டேன்."

"இப்ப மறந்தாத் திருப்பினீங்க?"

கை தானாகச் செய்ததை மறதி என்று எப்படிச் சொல்வது?

பலகையை அப்படியே சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு, மைனாவதி கம்ப்யூட்டரில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். திருப்பும் திசையை அவர் கைக்கு ஏற்றபடி சென்னியப்பனே மாற்றினார். மாற்றியதும் அவருக்குத் திக்கென்றது. பின்பக்கத்து மயில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ அம்மிணி, கவுந்து போச்சுங்க!"

"பலகையும் தலைகீழாத்தானுங்களே கவுறுது. துண்டு மெஷின்லயேதான் இருக்குது, போட்டுப் பாருங்க."

பாதி திரும்பி நின்ற பலகையை அவர் கை போன போக்கிலேயே கவிழ்த்தார். மெஷின் இறங்கி எழுந்தது. ஜன்னல் பக்கம் பிடித்தார். வட்டமாக, சுத்தமாக, ஒரு கண் அளவு வானம் தெரிந்தது.

சந்தோஷப்படலாம்தான். ஆனால் பூவரசுப் பலகையைக் குச்சிகளில் உட்கார வைத்துவிட்டு, நாலு மூலையையும் மறுபடி மறுபடி தடவிப் பார்த்தார். முன்பக்கம் முடியும்வரை மெஷினை விட்டு நகரவில்லை. தோகையின் ஒவ்வொரு இறகும் அழகாக எழும்பி வர வர, கெட்டுப்போனால் எவ்வளவு கெடும் என்ற பயமும் கூடவே எழும்பியது. பிறகு வயிற்றுப் பக்கத்து ஓரத்தைப் பிடித்துப் பலகையைக் கவிழ்த்தார். கம்ப்யூட்டரில் மயில் இன்னும் தலைகீழாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

மெஷின் தோகையைச் செதுக்கியது, கழுத்தைச் செதுக்கியது. கடைசியாகக் கண்ணில் இறங்கியது. அடியில் முன்பே குடைந்திருந்த குழியின் வெற்றிடத்தில் குடைகிற பிட் போய் விழுந்ததும் சத்தம் மாறியது. தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு அது போதும். சென்னியப்பன் கண்ணைத் திறந்தார்.

பலகையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தார். மயில். அந்தப் பக்கம் பார்த்தார். அதே மயில். நடுவில் வெளிச்சம் வந்தது. மரத்தூளோடு சேர்ந்து அவர் கன்னத்தில் ஈரம் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மயிலைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"காலையில இருந்து அத்தனை தடவை பாத்தனுங்களே அம்மிணி. அதுல ஏனுங்க தெரியல?"

மைனாவதி கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"அதுக்குள்ள பலகை இருந்துதுங்க, மயில் இருந்துது. நீங்க இல்லீங்களேண்ணா."