முதல் மாடு யாருடையது?

கேளுங்கள். ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் வருகிறவர்கள் அப்படி அவசரப்பட்டுத்தான் கெட்டார்கள்.

மேலக்காவனூரின் மேய்ச்சல் வெளி ஊருக்கெல்லாம் பொது. அந்த ஆண்டு வெளியைக் காத்தவர் யாரோ, அவருடைய மாடுதான் தை மாதம் முதலில் இறங்க வேண்டும். அது இறங்காமல் வேறு மாடு இறங்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

அந்த வெளி தன்னுடையது என்றார் பாளையக்காரர். உடையாள் என்ற பெண் தலைநகருக்கு நடையாய் நடந்து அரசரிடம் மனுக் கொடுத்து முறையிட்டாள்.

"என் ஆள் வந்து பார்ப்பான். உழவு நிலமாக இருந்தால் அவருக்கு, புல்வெளியாக இருந்தால் ஊருக்கு. அதுவரை யாரும் தொடக் கூடாது" என்றார் அரசர்.

அவள் தம்பி சடைமாயன் இதைக் கேட்டுச் சிரித்தான். "மனுவ ஆடு தின்னுரும்க்கா. அருவாள எது திங்கும்?"

"அருவாளத் தூக்குனா அப்புறம் நம்ம வாய் அடைச்சுப் போகும்டா" என்றாள் உடையாள்.

பாளையக்காரரா சும்மா இருப்பார்? அரசரின் ஆள் வருவதற்குள் வெளியை உழுதுவிடச் சொன்னார். பண்ணையாள் மொக்கையன் ஏர் பூட்டினான்; மாட்டேன் என்றால் முதுகுத்தோல் மிஞ்சாது. கங்காணி தூரத்து மரநிழலில் உட்கார்ந்து, புழுதி கிளம்புவதைப் பார்த்தபடி வெற்றிலை மென்றார். மூன்று நாளில் பாதி வெளி முடிந்தது. ஏர் ஓடினால் பின்னாலேயே கொக்கு இறங்கும். இங்கே ஒரு கொக்குகூட இறங்கவில்லை. மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்த ஊருக்கு அது கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் சடைமாயன் அரிவாளோடு வந்து மறித்தான். மொக்கையன் கங்காணி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மண்ணப் பாருண்ணே" என்றான் தாழ்ந்த குரலில். உழுத பெருமையைச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டான் சடைமாயன், பாவி. ஒரே வெட்டு.

கங்காணி ஓடிப்போனார். அரசரின் தடையை மீறி உழவைத்த பாளையக்காரரும் வாய் திறக்கவில்லை. ஐப்பசி மழைக்குப் பின் அரசரின் ஆள் வந்தபோது, உழுத பாதியும் உழாத பாதியும் ஒன்றுபோலப் பச்சையாக இருந்தன. தெய்வச் செயல் என்றது ஊர். வெளி ஊருக்கே என்று தீர்ப்பாயிற்று. "இங்கே ஒருவனை வெட்டினார்களாமே, யார்?" என்றும் அவர் கேட்டார். யாரும் பேசவில்லை. நியாயம் கேட்டு அத்தனை தூரம் நடந்த உடையாளும் பேசவில்லை. தம்பியாயிற்றே.

தை பிறந்தது. முதல் மாடு தன்னுடையது என்றான் சடைமாயன். இல்லை, உடையாளுடையது என்றார்கள் சிலர். அப்போது மொக்கையனின் மனைவி இருளாயி தன் ஒற்றைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"மொத மாடு எங்களுது."

உழ வந்தவன் பெண்டாட்டிக்கு முதல் மாடா என்று ஊர் சிரித்தது.

இப்போது சொல்லுங்கள். வெளியைக் காத்தது யார்? முதல் மாடு யாருடையது?

விடை: இருளாயியுடையதுதான். சிரிப்பு ஓய்ந்ததும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கலப்பை முனையில் மாட்டும் இரும்புக் கொழுவைக் கீழே வைத்தாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? செத்தவன் மடியில் இருந்த கனம் அதுதான். கொழுவைக் கழற்றிவிட்டு வெறும் கட்டையால் புழுதியைக் கீறியிருக்கிறான் மொக்கையன். மண் புரளவில்லை, புழு வெளியே வரவில்லை, கொக்கு எதற்கு இறங்கும்? வேரும் அறவில்லை. மனு அரசரின் ஆளை அழைத்து வந்தது உண்மை. அவர் பார்ப்பதற்குப் புல்லை விட்டுவைத்தவன் மொக்கையன். அரிவாள் வெட்டியது அவனைத்தான். உடையாள் பசுவின் கயிற்றைத் தொட்டு, "நீயே எறக்கு தாயி" என்று அழுதாள். இருளாயி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, பசுவோடு ஊரைவிட்டே போய்விட்டாள். முதல் மாடு இன்னும் இறங்கவில்லை. புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, மற்ற மாடுகள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.